சந்தனம்மாள் வார்த்த கடைசிக் குண்டு

(பொட்டிப்புரம் பயிர்க்காவல் சங்கத்தார் ஊர்ச்சாவடியில் கூட்டிய இரங்கல் கூட்டத்தில், எட்டாம் வகுப்பு மாணவி பவுனு பேசியது. சங்கத்துக்காக நானே சுத்தமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். 1943, தை மாதம்.)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் கோட்டைச்சாமி மாமா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சீனிச்சாமி பெரியப்பா அவர்களே, துக்கத்தோடு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் இங்கே எதையும் கூட்டியும் சொல்லமாட்டேன், குறைத்தும் சொல்லமாட்டேன். நடந்ததை நடந்தபடியே சொல்வேன். "செத்தவகளப் பத்தி நல்லத மட்டும் பேசு, ஆத்தா" என்று வருகிற வழியில் என் அம்மா சொன்னார்கள். சந்தனம் பெரியம்மாவைப் பற்றி உண்மையைச் சொன்னாலே அது நல்லதாகத்தான் இருக்கும் என்று பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நம் ஊரில் காட்டுப்பன்றியை விரட்டுவது யார் என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட சீனிச்சாமி பெரியப்பா என்று சொல்லும். அது உண்மை. லைசென்ஸ் அவர்கள் பெயரில் இருக்கிறது. ரைபிள் அவர்கள் தோளில் இருக்கிறது. ஆனால் பெரியோர்களே, குண்டு இல்லாத ரைபிள் எதற்கு ஆகும்? உலக்கைக்கு ஆகுமா? ஊன்றிக்கொண்டு நடக்க ஆகுமா? அந்தக் குண்டை வார்த்தது யார்? அதை அந்தக் குழாய்க்குப் பொருத்தமாக ஆக்கியது யார்? அவர்கள் மனைவி, எங்கள் சந்தனம் பெரியம்மா! பயிர் காத்த பெருமாட்டி சந்தனம்மாள்!

அது குழாயின் வாய்வழியே வெடிமருந்து போட்டு, குண்டு போட்டு, கோலால் தள்ளிக் கெட்டிக்கிற பழைய ரைபிள். குழாய்க்குக் குழாய் அளவு வேறு. ஆகவே அதற்குக் குண்டு கடையில் கிடைக்காது, வீட்டில்தான் வார்க்கவேண்டும். நாங்கள் பக்கத்து வீடு. படிக்கிற புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எவ்வளவோ முறை பார்த்திருக்கிறேன். இரும்புக் கரண்டியில் ஈயத்தைப் போட்டு உருக்குவார்கள். தேன்மெழுகு ஒரு கிள்ளுப் போட்டதும் அழுக்கெல்லாம் மேலே வரும். அதை வழித்து எறிந்தால் ஈயம் முகம் பார்க்கிற கண்ணாடிபோல் இருக்கும். கொறடுபோல் இரண்டு பாதியாகத் திறக்கிற அச்சில் அதை ஊற்றுவார்கள். அச்சு சூடேறும்வரை வருகிற குண்டெல்லாம் சுருங்கிய முகத்தோடு வரும். அவற்றைத் திரும்பக் கரண்டியில் போட்டுவிடுவார்கள். அச்சில் ஒரு சொட்டு வேர்வை விழுந்தாலும் ஈயம் சீறித் தெறிக்கும் என்பதால் நெற்றியில் துண்டு கட்டியிருப்பார்கள். அப்படியும் அவர்கள் முழங்கையில் வெள்ளை வெள்ளையாகத் தழும்புகள் இருந்தன. நம்மில் யாராவது அவற்றைப் பற்றி விசாரித்தோமா?

ஆறிய குண்டின் காம்பை வெட்டி, அரத்தால் ராவி, வெண்கலத் தட்டில் உருட்டுவார்கள். உள்ளே காற்றுக்குமிழி இருக்கிற குண்டு நேராக ஓடாது, தள்ளாடும். தள்ளாடியது மறுபடி அடுப்புக்குப் போகும். "ஏய் சந்தனம், பன்னி என்ன, குண்டு உருண்டையா இருக்கான்னு கேட்டுட்டா சாகுது?" என்று பெரியப்பா கேட்பார்கள். "பன்னி கேக்காது. கோணக் குண்டு குழாய்க்குள்ள பாதியில சிக்கிட்டா ஒங்க மொகர கேக்கும்" என்று பெரியம்மா சொல்வார்கள்.

கோட்டைச்சாமி மாமா சிரிக்கிறார்கள். மாமாவும் அந்த வாயிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தானே!

வெறும் குண்டு குழாயைப் பிடிக்காது. குண்டுக்கு ஒரு சுற்றுத் துணி வேண்டும். பலமுறை துவைத்து மெத்தென்றான பருத்தித் துணிதான் வேண்டும். பெரியம்மா தன் பழைய சேலையை வட்டம் வட்டமாக வெட்டி, ஆமணக்கெண்ணெயில் தோய்த்து, குண்டை அதில் வைத்துக் கட்டைவிரலால் குழாய்க்குள் அழுத்துவார்கள். பிறகு பெரியப்பா கோலால் தள்ளுவார்கள். அந்தக் கோலில் சிவப்பு நூல் ஒன்று கட்டியிருப்பார்கள். நூல் குழாயின் வாய்க்கு நேராக வந்தால்தான் குண்டு மருந்தின்மேல் போய் உட்கார்ந்தது என்று அர்த்தம். நடுவில் இடைவெளி இருந்தால் குழாயே வெடித்துவிடும். பெரியப்பா காவலுக்குக் கிளம்பும்போதெல்லாம் பெரியம்மா வாசலிலிருந்து கேட்பார்கள்: "நூலு வந்துருச்சா?" "வந்துருச்சு, வந்துருச்சு." "பாத்துச் சொல்லுங்க." "பாத்துத்தான் சொல்றேன்." "எங்கன பாத்தீக? கோலு இங்கன கெடக்கு!"

(சிரிப்பு.)

இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். மருந்துக் குடுக்கையைத் திறப்பதற்கு முன் அந்த வீட்டில் விளக்கை அணைத்துவிடுவார்கள். ஒரு பொறி போதுமே! இருட்டில் வாசல் திண்ணையில் கையாலேயே தடவிக் கெட்டிப்பார்கள், நூலையும் விரலால் தடவித்தான் பார்ப்பார்கள். அந்தி சாய்ந்ததும் எங்கள் வீட்டில் என் அப்பா எட்டிப் பார்த்து, "பெரியம்மா வீட்டு வெளக்கு அமந்துருச்சு, இன்னைக்குக் காவல் உண்டு" என்பார்கள். பிறகுதான் நாங்கள் பாயை விரிப்போம். எல்லா ஊரிலும் விளக்கு எரிந்தால் தைரியம். நம் ஊரில் அந்த ஒரு விளக்கு அணைந்தால்தான் தைரியம்!

காலையில் நான் பள்ளிக்கூடம் போகும்போது எங்கள் கடலைக்காட்டு வரப்பில் கருகிய துணி வட்டங்கள் கிடக்கும். குண்டோடு பறந்து விழுந்த துணி. ஒருமுறை நீலச் சுங்குடி, ஒருமுறை அரக்குச் சேலை. வீரபாண்டித் திருவிழாவுக்கு அவர்கள் கட்டிக்கொண்டு வந்த நீலச் சேலை அது என்று எனக்குத் தெரியும். தாய்மார்களே, பெரியம்மா ஒவ்வொரு சேலையாகக் கிழித்து நம் காடுகளில் இறைத்திருக்கிறார்கள்! நம் கடலையும் சோளமும் வீடு வந்ததற்கு அந்தச் சேலைகள் காரணம். கடலை வீடு வந்ததால்தான் எனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டினார்கள். நான் இப்படி நின்று பேசுவதற்கும் அவர்களே காரணம். இந்த நன்றியை நான் எந்த வார்த்தையில் சொல்வேன்?

உலகச் சண்டை வந்த பிறகு ஈயம் கிடைக்கவில்லை. மலை எஸ்டேட்டுத் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத் தகட்டைச் சுரண்டி எடுத்தார்கள். அதுவும் தீர்ந்தது. அப்போது அவர்கள் என்ன செய்தார்கள்? களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனார்கள்! கெட்டித்த துப்பாக்கி வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவர்கள் போட்ட சட்டம். ஆகவே பன்றி வராத நாளில் பெரியப்பா விடியும்போது கரை மண்ணில் சுட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்கள். அந்த மண்ணைக் கொத்தி, நசுங்கிய குண்டுகளைப் பொறுக்கி வந்து, உருக்கி மறுபடி வார்த்தார்கள். "பன்னி மேல பட்ட குண்டுக்கு எங்கிட்டுப் போயி கொத்துவ?" என்று பெரியப்பா கேட்டதற்கு, "நீங்க சுட்டது பன்னி மேலயா பட்டுருக்கு? எல்லாம் கரையிலதான் கெடக்கு" என்றார்கள். பன்றி சத்தத்துக்கே ஓடியது. ஈயம் திரும்பி வந்தது. பழைய ஈயமேதான் புதுக் குண்டாகி, புதுக் குண்டாகி வந்துகொண்டிருந்தது.

இனி நான் சொல்லப்போவது கஷ்டமானது. ஆனாலும் உண்மையைச் சொல்வதாகத் தொடங்கிவிட்டேன்.

மலைக்காய்ச்சலில் படுத்திருந்தபோது, பெரியம்மா சுவரைப் பிடித்து எழுந்து வந்து ஒரே ஒரு குண்டு வார்த்தார்கள். அதற்குமேல் முடியாமல் திரும்பப் போய்ப் படுத்தார்கள். "இதக் கெட்டிக்கங்க. காச்ச விட்டதும் மத்ததப் பாப்போம்" என்றார்கள். பெரியப்பா கெட்டித்தார்கள். காவலுக்குக் கிளம்புவதற்குள் பெரியம்மாவின் உயிர் போய்விட்டது. அன்று மாட்டிய ரைபிள் அப்படியே சுவரில் மாட்டியிருக்கிறது, உள்ளே குண்டோடு. பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. பெரியப்பா அதைத் தொடவில்லை. அந்த வீட்டில் விளக்கு விடிய விடிய எரிகிறது.

பன்றிக்கு நம் துக்கம் தெரியுமா? சின்னக்கருப்பு அண்ணன் சோளம் பாதி போய்விட்டது. மலையம்மாள் அக்கா காவல் பரணில் நின்று தகரம் தட்டினார்கள். பன்றி பரண் காலையே முட்டிச் சாய்த்தது. அக்கா காலில் கட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியம்மாவின் தங்கை ராஜாத்தி சித்தி தன் வீட்டு அடுப்பில் குண்டு வார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பெரியப்பா பார்த்துவிட்டு, "இது குண்டா? கொழுக்கட்ட" என்றார்கள். சித்தி விடவில்லை. "அக்கா மொதல்ல வார்த்தது கொழுக்கட்டகூட இல்ல மச்சான், உப்புக்கல்லு மாதிரி இருந்துச்சு. அத வாயத் தொறக்காமக் கெட்டிச்சீகள்ல?" என்றார்கள். பெரியப்பா உள்ளே போய்விட்டார்கள். அந்தக் குண்டுகள்தாம் இதோ, மேசைமேல், பெரியம்மாவின் அச்சுக்குப் பக்கத்தில் தட்டில் இருக்கின்றன.

பெரியப்பா அவர்களே, வயதில் சிறியவள் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அது அவர்கள் கை பட்ட கடைசிக் குண்டு என்று நீங்கள் வைத்திருக்கிறீர்கள். அது எங்களுக்குத் தெரியாதா? நாங்களும் அழவில்லையா? ஆனால் கெட்டித்த துப்பாக்கி வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்றது யார்? சுட்ட ஈயம் தொலைந்துபோகாது என்று கரையைக் கொத்திக் காட்டியது யார்? கரையில் சுடுங்கள் பெரியப்பா! நாங்கள் போய்க் கொத்தி எடுத்து வருகிறோம். அதை ராஜாத்தி சித்தி உருக்கும் ஈயத்தோடு சேர்த்து வார்ப்போம். அதற்குப் பிறகு இந்த ஊரில் வார்க்கிற குண்டு ஒவ்வொன்றிலும் பெரியம்மா வார்த்தது கொஞ்சம் இருக்கும். சுவரில் மாட்டியிருந்தால் அது மருந்தோடு ஈரம் பிடித்துப்போகும், அவ்வளவுதானே?

தாய்மார்களே, இந்தச் சபையில் நாம் ஒரு உறுதி சொல்வோம். ராஜாத்தி சித்தி வார்ப்பார்கள். மலையம்மாள் அக்கா கால் ஆறியதும் காம்பு வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் அம்மா தன் கல்யாணச் சேலையைத் தருவதாகச் சொன்னார்கள். அது வேண்டாம், பழையது போதும் என்று நான் சொல்லியிருக்கிறேன். காவலுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று "நூலு வந்துருச்சா?" என்று கேட்க ஆள் இல்லையே என்று பெரியப்பா நினைக்கவேண்டாம். வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் கேட்பேன். தினமும் கேட்பேன். பார்த்துத்தான் சொல்லவேண்டும்!

சந்தனம் பெரியம்மா, உங்களால் நாங்கள் தைரியமாகத் தூங்கினோம். உங்களால் சாப்பிட்டோம். உங்களால் நான் படித்தேன். வணக்கம்.

(நான் பேசி முடித்ததும் சீனிச்சாமி பெரியப்பா எழுந்து வெளியே போனார்கள். சற்று நேரத்தில் கண்மாய்க் கரைப் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. ராஜாத்தி சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரியப்பா ரைபிளோடும் மருந்துக் குடுக்கையோடும் சாவடிக்குத் திரும்பி வந்து, தட்டிலிருந்து ஒரு குண்டை எடுத்து மேசைமேல் உருட்டிப் பார்த்தார்கள். "கொழுக்கட்டதான்" என்றார்கள். ஆனால் அதைக் கீழே வைக்கவில்லை. பிறகு, "கோட்டைச்சாமி, வெளக்க அமத்துப்பா" என்றார்கள். சாவடியின் பெட்ரோமாக்ஸ் விளக்கும், வாசலில் இருந்த அரிக்கேன் விளக்கும் அணைக்கப்பட்டன.)