கேபின்ல ரெண்டு பேரு

...மொதல்ல ஷூவ கயட்டிட்டு உக்காருங்க மாப்ள. ஃபேன் போடாதீங்க, ஸ்குரூலாம் ரவ ரவயா கீது, பறந்துடும். உங்க பொம்ம கரி இஞ்சின்தான். ஒடைக்கல, பிரிச்சி வெச்சிக்கீறேன். அது வேற, இது வேற. எந்த மேனேஜ்மென்ட்டுக்கும் இது புரிஞ்சதே இல்ல.

நீங்கதான ஞாயித்துக்கெழம இத்த பிரிச்சி பச்ச பெயின்ட் அடிக்கப் போறேன்னு என் பொண்ணு சுகிர்தாகிட்ட சொல்லிக்கினு இருந்தீங்க. பேக்டரிலயும் அதான பண்றீங்க. கேண்டீன் சோறு சரியில்லன்னா செவுத்துக்கு பெயின்ட்டு. நான் கேக்கறது, இத்த ஓட்றவன் எங்க? கேபின்ல எட்டிப் பாத்தேன். டிரைவரும் இல்ல, கரி அள்ளிப் போட்றவனும் இல்ல. பின்னாடி கரி மட்டும் ரொம்பி கீது.

சரி, ஆள வெப்போம்னு அடில நாலு ஸ்குரூ கயட்னேன். மேல் கூடு அப்டியே கைல வந்துச்சி. பாத்தா, ஆள் நிக்கற எடத்துல மோட்டாரு உக்காந்துக்கினு கீது. எம்மாம் வருஷம் யூனியன்காரனா கேட்டுல நின்னு கத்துனேன், மிசின் உள்ள வந்தா ஆளு வெளிய போவான்னு. டீ குட்ச்சிக்கினே சிரிச்சாங்க. உங்க ஷோகேஸ்லயே கீது பாருங்க.

மோட்டார கயட்டிட்டேன். ரெண்டு ஒயருதான், இய்த்தா வந்துச்சி.

இப்ப பாருங்க. கேபின்ல ரெண்டு ஆளு, எம்சீல் உருட்டி நானே செஞ்சது. நீல சட்ட உங்க கம்பெனி சட்ட. குள்ளமா கீறது அப்பாவு. தல முட்டுதுன்னு குனிஞ்சி நிக்கறது சாம்சன். தெரியாத மாரி பாக்காதீங்க. தேர்வாய் கண்டிகைல உங்க பேக்டரி கேட்டுல திங்கக்கெழம கார்ட தேச்சிக்கினே நின்னானுங்களே, கதவு தொறக்காம, அவனுங்கதான். எச்.ஆரு நீங்க, கார்ட நிறுத்துனது உங்க கையி. கேண்டீன் சோத்தப் பத்தி நோட்டீஸு குட்த்தானுங்களாம். நல்ல நோட்டீஸு மாப்ள அது. ஒரு எய்த்து தப்பு காட்டுங்க பாப்போம். காட்ட முடியாது, ஆசீர்வாதம் எய்துனது. எய்துன நானு மீஞ்சூர்ல உங்க ஊட்டு சோபால கீறேன். குட்த்தவனுங்க ரோட்ல கீறானுங்க.

அதனால பேசிடலாம். ரெண்டு பேரையும் உள்ள உடுங்க, மோட்டாரு தரேன். என் சட்ட பாக்கெட்லதான் கீது. அதுவரிக்கும் வண்டி ஓடாது. சுகிர்தா சோறு போட மாட்டா. போடாத போறா, பட்டினி எனக்கு புதுசா...

எங்க எய்ந்து போறீங்க? பேசிக்கினு இருக்கசொல்ல... இன்னாது அது, டப்பா?

ஓ. வேற மோட்டாரு.

வாங்கசொல்லவே ரெண்டா வாங்கி வெச்சிக்கீறீங்க. எனக்கு தெரிஞ்சிருக்கணும். ஒவ்வொரு ஸ்ட்ரைக்லயும் பின் கேட்டு வழியா இதான வரும்.

சரி, மாட்டுங்க. ஸ்குரூ டிரைவரு இந்தாங்க. மோட்டாரு உள்ள உக்காரணும்னா அவனுங்க எறங்கணும். நான் எறக்க மாட்டேன், நீங்களே எறக்குங்க. ஃபெவிகுவிக் போட்டு ஒட்டிக்கீறேன், லேசுல வராது. மொதல்ல அப்பாவு. காலப் புடிக்காதீங்க, ஒடஞ்சிடும். இடுப்பப் புடிங்க.

கார்ட நிறுத்தசொல்ல ஒரு பட்டன்தான். இது கைல புடிச்சி இய்க்கணும்.

ஏன் நின்னுட்டீங்க? வேர்க்குதே உங்களுக்கு. ஃபேனு வேணா போட்டுக்கோங்க மாப்ள.