முத்திரை குத்திய மூன்று அச்சுகள்

கியாக்தானில் செங்கல் சூளை வேலையை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். யாங்கோன் பஸ் வந்ததும் ஏறினேன். முன் சீட்டில் இருவர் தமிழில் மெல்லப் பேசினார்கள். ஒருவர் யாங்கோன் தாமுவேயில் லேத் பட்டறை வைத்திருப்பவர், மற்றவர் அவர் மச்சான் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“தோட்டா நிரப்புற அச்சு கடைஞ்சு கொடுத்துட்டேன் மச்சான்.”

“என்னது?”

“ஒருத்தன் வந்து மான் வேட்டைக்குன்னான். வெடிச்ச தோட்டாக் கூட்டை மறுபடி நிரப்பணுமாம். கூடு கழுத்து ஒடுங்காம நேரா இருந்துச்சு. ரெண்டு அச்சு போதுமான்னு கேட்டான். நேர்க்கூடுன்னா வாயை விரிக்கத் தனியா ஒண்ணு வேணும், மூணா எடுத்துக்கன்னு நான்தான் சொன்னேன்.”

“பெரிய வாத்தியாரு! இப்ப என்ன?”

“நேத்து ராணுவச் சோதனைச் சாவடியில அவனைப் பிடிச்சிட்டாங்க. அச்சும் பையில இருந்திருக்கு.”

“உன் பேரைச் சொல்லிடுவானா?”

“அவன் சொல்லவே வேணாம். எதைக் கடைஞ்சாலும் பட்டறை முத்திரை குத்தித்தானே கொடுப்பேன். கைப்பழக்கம். மூணுலயும் குத்திட்டேன்.”

மச்சான் அடுத்த நிறுத்தம் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

“அடுத்த நிறுத்தத்துல இறங்கிடு மாப்ளே. வீட்டுப் பக்கம் வராதே. காலையில சந்தை வாசல்ல ஆள் பிடிச்சு பட்டறையை நான் காலி பண்றேன்.”

பட்டறைக்காரர் இறங்கினார். குடையை மறந்துவிட்டார். மச்சான் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை தாமுவே சந்தை வாசலில் வேலைக்கு நின்றேன். ஆள் கூப்பிட வந்தது ஒரு சிப்பாய். பட்டறை லேத்தை லாரியில் ஏற்றும் வேலை. நான்கு பேர் தூக்கினோம். லாரிக்குள் மச்சான் கை கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தார். லேத் வைக்க இடம் போதாததால், காலை மடக்கிக்கொண்டார்.