ஒண்டுமில்லை எண்டு அடிச்ச சீல்

சீல் செய்யிறது பெரிய வேலையில்லை, சேர். எழுத்தைக் கொம்பியூட்டரில அடிச்சு, கண்ணாடியில தெரியிற மாதிரித் திருப்பிப் போடவேணும். பிறகு லேசர் மெசின் தன்ர பாட்டில றப்பரைச் சுட்டுச் செதுக்கும். கரித்தூளைக் கழுவிப் பிடியில ஒட்டினாச் சரி. ஓர்ஸ் ஹில்லில பதினொரு வருசமாக் கடை வைச்சிருக்கிறன். கந்தோர்ச் சீல் கேட்டு வாற ஆக்களிட்ட முதல் அந்தக் கந்தோரின்ர அனுமதிக் கடிதம் கேட்பன். கடிதம் இல்லாட்டிச் செய்யமாட்டன். விசாரிச்சுப் பாருங்கோ.

என்ர மனுசி கௌசிகா அன்புவழிபுரத்தில சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சவ. எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. போன வருசம் மாசியில அவவின்ர மார்பில ஒரு கட்டி தட்டுப்பட்டது. தனியார் ஆஸ்பத்திரி ஒண்டில சதை எடுத்துச் சோதிச்சவை. ரிப்போட் எடுக்கிற நாள் அவ கதிரையை விட்டு எழும்பேல்லை.

"நீங்களே போய் எடுத்துக்கொண்டு வாங்கோ" எண்டா.

போனனான். டொக்டர் என்னை இருத்திவைச்சுச் சொன்னார்: "புற்றுநோய்தான். ஆனா ஆரம்பத்திலயே பிடிச்சிட்டம். இந்த மாசத்துக்குள்ள கொழும்பில ஒப்பரேசன் செய்யுங்கோ. பிறகு அங்கயே மருந்து ஏத்தி முடிய ஒரு வருசம் செல்லும். சுகமாக்கலாம், பயப்படாதேங்கோ."

எனக்கு அந்த ஒரு வருசம்தான் காதில விழுந்தது. கொழும்பில அவவின்ர அக்கா பிரியதர்சினி இருக்கிறா. முந்தி ஒருக்கா நாற்பது நாள் கௌசிகா அங்க போய் நிண்டவ. திரும்பி வந்து, "அங்கயே இருந்திருக்கலாம் போல கிடந்தது" எண்டு சிரிச்சா. அந்த நாற்பது நாளும் நான் வீட்டில றேடியோவை நிப்பாட்டாமலே இருந்தனான். எனக்குக் கேட்க விருப்பமில்லை. ஆரோ கதைக்கவேணும், அவ்வளவுதான்.

ரிப்போட்டோட கடைக்குப் போனனான். அதில இருந்த ஆஸ்பத்திரிச் சீலை ஸ்கான் பண்ணி, அழிஞ்ச எழுத்துகளைத் துப்பரவாக்கி, புதுசா ஒண்டு செதுக்கினன். சாதாரணக் கட்டி, புற்றுநோய் இல்லை எண்டு இங்கிலீசில அடிச்சு, டொக்டரின்ர கையெழுத்தையும் நானே வைச்சு, சீலைக் குத்தினன். மை காயுமட்டும் இருந்தனான். அவ பயந்த சுபாவம், சேர். ரெண்டு நாள் நிம்மதியா இருக்கட்டும், பிறகு சொல்லுவம் எண்டுதான் நினைச்சனான்.

அவ ரெண்டு தரம் வாசிச்சா. விரலால சீலைத் தடவிப் பார்த்தா.

"உண்மையாத்தானே?"

"ஓம். பாருங்கோ, சீல் அடிச்சுத் தந்திருக்கினம்."

குசினி நிலத்தில இருந்து அழுதா. வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைச்சா. அண்டைக்கு அவ இருந்த சந்தோசத்தை நீங்கள் பார்த்திருந்தா, உங்களுக்கும் சொல்ல மனம் வந்திராது. பிறகு பள்ளிக்கூடத்தில பிள்ளையளின்ர விளையாட்டுப் போட்டி வந்தது. பிறகு சித்திரை வருசப்பிறப்பு. ஒவ்வொண்டும் முடியட்டும் எண்டு விட்டன்.

ஆஸ்பத்திரியில ரிப்போட் குடுக்கிற பிள்ளை நப்லா எனக்கு ரெண்டு தரம் கோல் எடுத்தவ. "அன்ரி ஒப்பரேசனுக்குப் போனவங்களா?" எண்டு கேட்டா. கொழும்பில வைத்தியம் நடக்குது எண்டு சொன்னன். அவ சொன்னா, "அல்லாஹ் சுகமாக்குவான்."

ஐப்பசியில கௌசிகாவுக்கு முதுகு வலி வந்தது. போற இடமெல்லாம் என்ர ரிப்போட்டைத்தான் கொண்டுபோய்க் காட்டினா. சீலைப் பார்த்திட்டு வலிக்கு மாத்திரை குடுத்தவை. கண்டுபிடிக்கேக்க நோய் எலும்புக்குப் போட்டுது. கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பிரயோசனமில்லை எண்டிட்டினம். வைகாசியில செத்தா. அதுக்கு முதல் கிழமை என்ர கையைப் பிடிச்சுச் சொன்னா, "பிழையான ரிப்போட் தந்தவையைச் சும்மா விடாதேங்கோ. வேற ஆருக்கும் இப்பிடி நடக்கக்கூடாது." ஓம் எண்டனான்.

கௌசிகாவின்ர அக்காதான் ஆஸ்பத்திரிக்கு எதிரா முறைப்பாடு குடுத்தவ. ரிப்போட்டில கையெழுத்து வைச்ச டொக்டர் அதுக்குள்ள வெளிநாட்டுக்குப் போட்டார். ஆஸ்பத்திரிக்காரர், பிழையான ரிப்போட் குடுத்தது எண்டு பழியை நப்லாவின்ர தலையில போட்டு வேலையால நிப்பாட்டிச்சினம். அந்தப் பிள்ளை கிண்ணியாவில இருந்து பஸ் ஏறி என்ர கடைக்கு வந்தது.

"அங்கிள், நான் கோல் எடுத்தனானே? நீங்கள்தானே கதைச்சீங்கள்?"

"வேற ஆரோவா இருக்கும், பிள்ளை" எண்டனான்.

மெசின் அப்ப ஓடிக்கொண்டிருந்தது. அவ மெசினைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. கடையை விட்டு இறங்கிப் போனா. பொலிசுக்கு வந்து உங்களிட்டச் சொன்னது அவதான் எண்டு தெரியும். அவவில கோவமில்லை.

எழுதிக்கொள்ளுங்கோ. ரிப்போட்டை மாத்தினது நான். சீல் என்ர. அந்தப் பிள்ளையில ஒரு பிழையும் இல்லை, வேலையைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்கோ. சுகமாகக்கூடிய மனுசியைச் சாகவிட்டதும் நான்தான்.

ஆனா ஒண்டு, சேர். அந்தப் பதினைஞ்சு மாசத்தில கௌசிகா ஒரு நாளும் தனியா இருக்கேல்லை. தலை வாரிவிட்டது, வாயில சோறு தீத்தினது எல்லாம் நான். என்னை மாதிரி அவவை ஒருத்தரும் பார்த்திருக்கமாட்டினம். அதையும் எழுதுங்கோ.