குருவியிலிருந்து குருவிக்கு

— அந்தப் பேனாவை முதல்ல கீழ வை.

— ஒரு கையெழுத்துதானே அண்ணி. போட்டுட்டா முடிஞ்சுது. பதினோரு மணிக்கு விசாரணை, பன்னெண்டுக்குள்ள நான் வீட்டுல இருப்பேன்.

— வீட்டுல இருந்து என்ன பண்ணப் போற? சுவத்தையே பார்த்துக்கிட்டு உட்காரப் போறியா? 'தப்பு என்னுடையதுதான்'னு எழுதிக் கொடுத்துட்டு வந்தா, அப்புறம் எந்த லேப்ல உன்னைச் சேர்த்துப்பாங்க? அந்த ஸ்டூலை இழுத்துப் போடு. அங்க வேண்டாம், ஏசி நேரா மூஞ்சில அடிக்கும். இப்படி என் பக்கமா வா.

— உங்களுக்கு எவ்வளவு வேலை இருக்கும்...

— இதான் வேலை. இந்த ஆஸ்பத்திரில எந்தக் கம்ப்யூட்டர் தும்மினாலும் இந்த ரூமுக்குத்தான் சேதி வரும். மணி இப்பதான் பத்து இருபது. நாப்பது நிமிஷம் எனக்குத் தாராளம். சொல்லு, செவ்வாய்க்கிழமை மதியம் என்ன நடந்துது?

— எத்தனை தடவை அண்ணி சொல்றது? நாப்பத்தொண்ணாம் பெட்டோட ரத்த ரிப்போர்ட் பதினாலாம் பெட் பெரியவர் பேர்ல ஏறிடுச்சு. அவருக்கு இல்லாத சர்க்கரைக்கு ஊசி போட்டுட்டாங்க. ரெண்டு நாள் ஐசியூல கிடந்தார்.

— இப்ப எப்படி இருக்கார்?

— காலைல போய்ப் பார்த்தேன். உட்கார்ந்து பேப்பர் படிக்கறார். என்னை நர்ஸுன்னு நினைச்சுக்கிட்டு, "இந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் துடைச்சுக் குடும்மா"ன்னார்.

— துடைச்சுக் கொடுத்தியா?

— கொடுத்தேன். அதுக்கு மேல அங்க நிக்க முடியல, ஓடி வந்துட்டேன்.

— இங்க பாரு. என் கண்ணைப் பார்த்துச் சொல்லு. ரிப்போர்ட்டை மாத்தினது நீயா?

— யார் எதை மாத்தினாங்கன்னு எழுதி வைக்கற உங்க புரோக்ராமே சொல்லுதே அண்ணி, குருவின்னு. குருவி என் லேப் கம்ப்யூட்டர். அப்புறம் என்ன பேச்சு?

— நான் உன்னைக் கேட்டேன், புரோக்ராமைக் கேக்கல.

— எனக்கு ஞாபகம் இல்ல.

— ஞாபகம் இல்லையா! ஒரு டம்ளரைக் கழுவினா மூணு தடவை வெளிச்சத்துல தூக்கிப் பார்க்கற ஆளு நீ. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து பன்னெண்டு வருஷமா உன்னைப் பார்க்கறேன். நீ 'ஞாபகம் இல்ல'ன்னு சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன். அங்க உங்க அண்ணன் வேற மூணு நாளா தொண்டைல எதுவும் இறங்காம கிடக்கார். தங்கச்சிக்கு இப்படி ஆயிடுச்சேன்னு அவ்வளவு வேதனை மனுஷனுக்கு.

— அண்ணன் சாப்பிடலையா?

— ரெண்டு வாய். அப்புறம் தட்டைத் தள்ளிடறார். நானும் பக்கத்துல உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்து, "நான் இருக்கேன்ல, உங்க தங்கச்சியை விட்டுடுவேனா"ன்னு சொல்றேன். உடனே எழுந்து கை கழுவப் போயிடறார். இங்க கவுண்டர் வேலைக்கு மட்டும் டாண்ணு வந்துடறார்.

— அண்ணி, நிஜமாவே சொல்றேன், விட்டுடுங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது.

— விடறதாவது! இந்தா, செவ்வாய்க்கிழமை பதிவு. மூணு மணி பத்து நிமிஷம். 'மாற்றியது குருவி. மாற்றப்பட்டது குருவி.' நீ சாப்பாட்டைக் கொறிக்கற அழகுக்குத்தான் உன் மெஷினுக்குக் குருவின்னு பேரு வச்சேன். அது உன்னையே கொத்துது பாரு.

— அதான் தெளிவா இருக்கே.

— தெளிவாத்தான் இருக்கு. நாலு வருஷத்துல என் புரோக்ராம் ஒரு வரி தப்பா எழுதினதில்ல. சூப்பிரண்டு சாரே எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கார்... இரு. இதென்ன? புதன்கிழமை, 'மாற்றியது கொக்கு, மாற்றப்பட்டது கொக்கு.' சரி. வியாழன், 'புறா, புறா.' அதுக்கு மேல 'கிளி, கிளி.' அட, இங்கயும் 'கொக்கு, கொக்கு.'

— இருந்தா என்ன அண்ணி? அவங்கவங்க மெஷினை அவங்கவங்க திருத்தியிருப்பாங்க.

— பத்து நாளா ஒருத்தர் கூடவா அடுத்தவர் மெஷினைத் தொடல? டாக்டருங்க ரூம்லேர்ந்து நாள் பூரா உங்க லேப் ரிப்போர்ட்டுல கை வைக்கறாங்க. இதுல பார்த்தா ஆஸ்பத்திரில இருக்கற அத்தனை மெஷினும் தனக்குத் தானே பேசிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. பைத்தியமா பிடிச்சிருக்கு எல்லாத்துக்கும்?

— மணி ஆகுது அண்ணி.

— ஆகட்டும். பத்து நாள் முன்னாடி வரைக்கும் எந்த மெஷின்ல மாறிச்சுங்கறதை மட்டும்தான் எழுதுவேன். சூப்பிரண்டு சார்தான், யார் மாத்தினாங்கன்னும் தெரியணும்னார். கூட ஒண்ணு சேர்த்தேன். அந்த வரியைக் காட்டு, எங்க இருக்கு... ஐயய்யோ.

— என்ன?

— ஐயய்யோ, ஐயய்யோ. என் புத்தியை என்ன சொல்ல!

— அண்ணி, பயமா இருக்கு. என்னாச்சு?

— உனக்குப் புரியற மாதிரியே சொல்றேன். ஒவ்வொரு மெஷினுக்குள்ளயும் நெட்வொர்க் கார்டுன்னு ஒண்ணு இருக்கு. அதுல செய்யறப்பவே ஒரு நம்பர் போட்டு அனுப்பறாங்க. அந்த நம்பரை நம்மால படிக்க முடியாது. அதை எழுத்தா மாத்தித் தர்றதுக்கு ஃபங்ஷன்னு ஒரு குட்டி புரோக்ராம் இருக்கு. அந்த எழுத்தை என் பட்டியல்ல தேடினா குருவியா கொக்கான்னு பேரு கிடைச்சிடும்.

— சரி.

— அந்த ஃபங்ஷன் நல்ல ஃபங்ஷன்தான். ஆனா அதுகிட்ட ஒரே ஒரு சிலேட்டுதான் இருக்கு. முதல் நம்பரைக் கொடுத்தா எழுதி வச்சுட்டு, "சிலேட்டுல இருக்கு, பார்த்துக்கோ"ங்கும். உடனே பார்த்துக் காப்பி எடுத்துக்கணும். நான் எடுக்கல. அப்படியே ரெண்டாவது நம்பரையும் கொடுத்துட்டேன். அது பழசை அழிச்சுட்டு, அதே சிலேட்டுல புதுசை எழுதிடுச்சு. அப்புறம் ரெண்டு பேரையும் படிக்கப் போனா?

— ரெண்டு தடவையும் அதே சிலேட்டு. கண்ணாடித் தகடு ஒண்ணுல முதல் ஆளோட ரத்தத்தை வச்சு, அதைப் பார்க்காமயே துடைச்சுட்டு, அடுத்த ஆளோடதை வச்ச மாதிரி.

— அதேதான்! ரெண்டு ரிப்போர்ட்டுலயும் ரெண்டாவது ஆளோட ரத்தம். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்ல. புதுசா சேர்றவங்களுக்கு நானே இதைப் பாடமா எடுத்திருக்கேன், "சிலேட்டு ஜாக்கிரதை"ன்னு.

— சோதிச்சுப் பார்க்கலையா அண்ணி?

— பார்த்தேனே! இந்த நாற்காலிலேர்ந்து எழுந்திருக்க சோம்பல்பட்டுக்கிட்டு, என் மெஷின்லேர்ந்து என் மெஷினையே மாத்திப் பார்த்தேன். 'ஆந்தை, ஆந்தை'ன்னு வந்துது. ரொம்ப சரின்னு டீ குடிக்கப் போயிட்டேன். ஆனா உனக்கு இதுல நல்லது ஒண்ணு இருக்கு. சிலேட்டுல மிச்சம் இருக்கறது ரெண்டாவது பேரு. அதாவது மாற்றப்பட்ட மெஷின். உன் குருவி அடி வாங்கினது. அடிச்சது வேற யாரோ!

— மேடம், உள்ள வரலாமா? சூப்பிரண்டு சார் அனுப்பினார். லேப் மேடம் கையெழுத்துப் போட்ட கடிதத்தை வாங்கிட்டு வரச் சொன்னார்.

— கடிதம் கிடையாதுன்னு சொல்லுங்க. பதினோரு மணிக்கு அவளோட நானும் மேல வர்றேன்னு சொல்லுங்க.

— நீங்க எதுக்கு மேடம்?

— வந்து சொல்றேன். கதவைச் சாத்திட்டுப் போங்க, ஏசி வெளிய போகுது.

— அண்ணி, சொன்னாக் கேளுங்க. உங்க புரோக்ராம் தப்புன்னு நீங்களே போய் எல்லார் முன்னாடியும் நிக்கப் போறீங்களா? உங்க பேரு என்ன ஆறது?

— நாலு வருஷம் சம்பாதிச்ச பேருதானே, கொஞ்சம் கெடட்டும். திரும்ப சம்பாதிச்சுக்கறேன். எனக்கு வேலை தெரியும்.

— யார் மாத்தினாங்கன்னுதான் இனிமே தெரியாதே. அதான் அழிஞ்சு போச்சே.

— எங்க அழிஞ்சுது? எழுத்தா மாத்தினப்பதான் கோளாறு. நம்பரா வந்ததெல்லாம் வந்தபடியே மூல ஃபைல்ல பத்திரமா இருக்கு. இப்ப ரெண்டு சிலேட்டு கொடுத்துட்டேன், முதல்ல எழுதினதை ஒண்ணுல, அடுத்ததை இன்னொண்ணுல. பத்து நாள் பதிவையும் திரும்ப ஓட்டறேன். ரெண்டு நிமிஷம்.

— வேண்டாம் அண்ணி.

— என்ன வேண்டாம்? ஏன் கையைப் பிடிக்கற? விடு. ஓடுது பாரு. 'கொக்கு, குருவி.' ம், இப்பதான் ஊர் உலகத்துல நடக்கற மாதிரி இருக்கு. 'புறா, கொக்கு.' இதோ வந்துடுச்சு, செவ்வாய்க்கிழமை, மூணு மணி பத்து நிமிஷம்.

— அண்ணி, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன், அணைச்சிடுங்க.

— மாற்றப்பட்டது குருவி. மாற்றியது... மைனா.

— அதுக்கு மேல படிக்காதீங்க அண்ணி.

— மைனான்னா நோயாளிங்க பேரைப் பதியற கவுண்டர். மூணாவது மேசை. செவ்வாய்க்கிழமை மதியம் அங்க யாரு... உங்க அண்ணன்ல?

— ஆமா அண்ணி.

— ஆமாவா? உனக்குத் தெரியுமா?

— அன்னிக்கு சாயங்காலமே தெரியும். ரத்த ரிப்போர்ட்டுல பெட் நம்பர் விட்டுப் போயிருக்கு, போடுங்கன்னு வார்டுலேர்ந்து சொல்லியிருக்காங்க. நாப்பத்தொண்ணுன்னு அடிக்கறதுக்குப் பதிலா பதினாலுன்னு அடிச்சுட்டார். கவுண்டர்ல அத்தனை கூட்டம். வண்டி நிறுத்தற இடத்துல நின்னு என்கிட்ட சொன்னார். மேல போய் இப்பவே ஒப்புத்துக்கறேன்னு கிளம்பினார். நான்தான் விடல.

— நீ ஏன் விடல?

— அவருக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் இருக்கு. அடுத்தது வந்தா வீட்டுக்குத்தான். ரெண்டு பிள்ளைங்க படிக்குது. நான் ஒண்டிக்கட்டை, எங்கயாவது பொழைச்சுப்பேன். அதுக்குள்ள உங்க பதிவுல குருவின்னு வந்துடுச்சு. எனக்கு அது கும்பிட்ட சாமியே வழி காட்டின மாதிரி இருந்துது. வாயைத் திறக்க மாட்டேன்னு என் தலைல கை வச்சு சத்தியம் பண்ண வச்சேன்.

— அப்ப மூணு நாளா தட்டைத் தள்ளினது...

— அதுக்குத்தான்.

— நான் ஒரு மக்கு! தங்கச்சிப் பாசம்னு நினைச்சு முதுகைத் தடவிக் கொடுத்திருக்கேன்.

— தங்கச்சிப் பாசமும்தான் அண்ணி. இன்னும் யாருக்கும் எதுவும் தெரியாது. குருவி, குருவின்னே இருக்கட்டும். அந்த மூல ஃபைலை அழிச்சுட்டு அந்தப் பேனாவை இப்படிக் கொடுங்க.

— எனக்கு வர்ற கோபத்துக்கு உங்க ரெண்டு பேரையும் என்ன பண்றதுன்னே தெரியல. அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து என் வீட்டைக் காப்பாத்தறீங்களாக்கும், என்னை ஒரு வார்த்தை கேக்காம! அந்தப் பெரியவர் எதுவும் தெரியாம உன்கிட்டயே கண்ணாடியைக் கொடுத்துத் துடைக்கச் சொல்றார். அவருக்கு யார் தப்பால ஊசி விழுந்துதுன்னு தெரிய வேண்டாமா?

— அண்ணன் வேலை போயிடும் அண்ணி.

— போனா போகட்டும். நான் சம்பாதிக்கறேன், நீ சம்பாதிக்கற. ஒரு வருஷம் அவர் வீட்டுல உட்கார்ந்து சமைக்கட்டும், பாத்திரம் தேய்க்கட்டும், அப்பவாவது நம்பரைப் பார்த்து அடிக்கக் கத்துப்பார். அவர் தப்பை அவர் சொல்வார், என் தப்பை நான் சொல்வேன். நீ பண்ணாத தப்புக்கு உன் பேரு ஒரு காகிதத்துலயும் இருக்கக் கூடாது.

— பிரிண்ட் போடாதீங்க அண்ணி!

— போட்டாச்சு. மூணு காப்பி. அழாதே, மூஞ்சியைத் துடை. அந்த ஃபோனை எடு.

— நான் பேச மாட்டேன்.

— நான் பேசறேன், கொடு. ஹலோ... நான்தான். கவுண்டர்லயா இருக்கீங்க?... என்னது?... எப்பலேர்ந்து?... ம்... ம். சரி, அழாதீங்க, எனக்கு எல்லாம் தெரிஞ்சுடுச்சு. அங்கயே இருங்க, வர்றோம்.

— என்ன அண்ணி சொன்னார்?

— ஒன்பது மணிலேர்ந்து சூப்பிரண்டு ரூம் வாசல்லதான் நிக்கறாராம். உள்ள போகணுமாம். உன் தலைல கை வச்சுப் பண்ணின சத்தியத்தை நீ திருப்பி வாங்கிக்கணும்னு கேக்கச் சொன்னார்.