கொக்கியில தொங்குற லைட்டு

…எங்க வீட்டுக்காரருகிட்ட லைட்ட மாத்தச் சொன்னா 'நாளைக்கி, நாளைக்கி'ங்கிறாரு தம்பி. நாளைக்கி யாரு வர்றா? இன்னைக்கி சாயங்காலம் உம்பாய் ஊர்லேர்ந்து மாப்பிள்ள வீட்டுக்காரங்க வர்றாங்க லா! எம்பொண்ணு மோகனாவ பாக்க வர்றவங்க மொதல்ல கார் போர்ச்சுல இருட்டையா பாக்கணும்?

பாத்து ஏறுங்க, கவிநேசன் தம்பி. ஏணிய நான் புடிச்சிக்கிறேன். மெயின் சுவிச்ச அடைச்சிட்டேன், பயப்படாதீங்க. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாசம் ஆவல, ஒங்கள ஏணியில ஏத்திட்டேன் பாருங்க! கமலவேணி அக்கா ஒரு மாதிரின்னு இந்த ஜாலான்ல வீட்டுக்கு வீடு சொல்லியிருப்பாங்களே…

என்னது, தண்ணியா? ஐயே, மூஞ்சில பட்டுருச்சா? இந்தாங்க துண்டு. ஆமா… நாறத்தான் செய்யுது. கடைக்காரன் தலையில கட்டுன மட்டமான சாமான் லா அந்தப் பழைய லைட்டு. மழை உள்ள பூந்திருக்கும். கூரை காஞ்சி கெடக்கா? அப்ப பல்லியா இருக்கும். இந்தப் பல்லிங்க இருக்கே… என்னது, வெதையா?

பூசணி வெதையா?

அது… அது வந்து தம்பி. லைட்டு தொங்குற கொக்கியில எடம் இருக்கேன்னு திருஷ்டிப் பூசணிக்காய அதுல கட்டுனேன். சின்னக் காய்தான் லா. லைட்டு மேலயே சாஞ்சி ஒக்காந்துக்கிச்சி. சூட்டுல அழுகி, ஒழுகி, விழுந்தே போச்சு… நான் என்னத்த கண்டேன்? காய் அழுக அழுக, கண்ணேறு எறங்குதுன்னு சந்தோசமால்ல இருந்தேன்! லைட்டு ரோசாக் ஆயி எரியாம போனப்பகூட, எம்மாம் பெரிய கண்ணுன்னுதான் நெனச்சேன்.

யாரு கண்ணா? விடுங்க லா… நீங்க குடிவந்த அன்னைக்கி ஒங்க வீட்டம்மா சுரேகா இங்கதான் நின்னுக்கிட்டு, 'அக்கா, லைட்டு எவ்ளோ அழகா இருக்கு'ன்னுச்சி. நல்ல புள்ள, நான் ஒன்னும் சொல்லல. மறுநாளு எங்க காரு ஸ்டார்ட் ஆவல, அதான் காய கட்டுனேன், அவ்வளவுதான். சிரிக்காதீங்க தம்பி, ஏணி ஆடுது!

புது லைட்ட மாட்டியாச்சா? இருங்க, மெயின போடுறேன்…

அட, எரியுது! முருகா! எம்பொண்ணு மொகம் மாதிரி பளிச்சுன்னு! இனிமே அவங்க எத்தன காருல வேணா வரட்டும். ஒங்களுக்கும் புடிச்சிருக்குல்ல? சும்மா சொல்லுங்க, அழகா இருக்குல்ல?

ஆங்… சொல்லிட்டீங்களா.

அப்ப எறங்காதீங்க தம்பி, அப்படியே இருங்க. புதுப் பூசணிக்காய் ஒன்னு உள்ள வாங்கி வச்சிருக்கேன், எடுத்தாந்துர்றேன். கொக்கிய மட்டும் கழட்டிராதீங்க!