பிந்திய பதினொரு கட்டங்கள்

சீனி போடாத கட்டன் சாயாதான் கேட்டேன். பரவாயில்லை சார், இதையே குடித்துவிடுகிறேன். இன்னொன்று வரும்வரை காத்திருப்பது எனக்குப் பிடிக்காது.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். சூப்பர் கம்ப்யூட்டர் என்பது ஒரே ஒரு பெரிய மூளை அல்ல. பல லட்சம் சின்ன மூளைகளை வரிசையாக உட்கார வைத்திருக்கிறார்கள். எது எந்தக் கணக்கை எப்போது போட வேண்டும், நடுவில் ஒன்று செத்தால் அதன் கணக்கை யார் தலையில் வைப்பது என்றெல்லாம் அது ஓடும்போதே முடிவு செய்கிற மென்பொருள் ஒன்று வேண்டும். ரன்டைம் என்பார்கள். எங்கள் மையத்தின் ரன்டைம் நான் எழுதியது. கருங்கல் ஊரில் என் வீட்டு மாடியில் இருந்தபடியே அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

என் அப்பா ரசலையன் அண்டி ஆபீசில் மேற்பார்வையாளராக இருந்தார். முந்திரித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அண்டி உடைப்பார்கள். ஒருத்தி பின்தங்கினால் அப்பா அவள் முன்னால் கிடப்பதை அள்ளிப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் போட்டுவிட்டு, அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவளுக்கு வந்து விழுந்தது கெட்டித் தோடுள்ள கொட்டையா என்று அவர் கையில் எடுத்துப் பார்த்து நான் கண்டதில்லை. ஆனால் ஆபீஸ் ஐந்து மணிக்குப் பூட்டப்படும். ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை.

எங்கள் இயந்திரம் கடல் வானிலை கணிக்கிறது. கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அந்தச் சின்ன மூளைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுவோம். எல்லாக் கட்டமும் முடிந்தால்தான் அடுத்த சுற்று தொடங்கும். ஒரு கட்டம் இழுத்தால் மீதி லட்சமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். கணிப்பு வரைபடம் விடியற்காலை நான்கு மணிக்கு வெளியாக வேண்டும். ஆறுக்கும் ஏழுக்கும் வந்துகொண்டிருந்தது. மீன்பிடி வள்ளங்கள் போன பிறகு வருகிற கணிப்பு யாருக்கு வேண்டும்?

முப்பதே வரிகள் எழுதினேன். இருபது நொடிக்கு மேல் பிந்துகிற கட்டத்தை வெட்டு. சுற்றியுள்ள கட்டங்களின் சராசரியை அதன் இடத்தில் போடு. மேலே போ. அன்றிலிருந்து ஒன்பது மாதம், நான்கு மணி என்றால் நான்கு மணி.

பிரிஜாவுக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. மார்த்தாண்டத்துக்காரி, எனக்குக் கீழே வேலை பார்ப்பவள். எல்லாரும் இருந்த கூட்டத்தில் சொன்னாள்: “அண்ணா, அந்தக் கட்டம் சோம்பலுல மடிச்சு நிக்கல்ல. காத்து சுழலுற எடத்துல கணக்கு கூடும். அதுனால பிந்துது. நீங்க வெட்டித் தள்ளுறது புயலயாக்கும்.”

“ஏட்டி, ஒனக்குச் சம்பளம் தாறது யாரு, புயலா?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வெட்டப்படும் கட்டங்களைப் பட்டியல் போட நாலு வரி எழுதிச் சேர்த்தாள். பட்டியல் என் திரைக்கு மட்டும் வரும்படி மாற்றிவிட்டேன். சும்மா எல்லாரையும் எதற்குப் பயமுறுத்த வேண்டும்?

அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும் சார். அவள் சொல்வதற்கு முன்பே தெரியும். அதற்காக எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் புதன்கிழமை மூன்று நாற்பதுக்குப் பட்டியலில் பதினொரு கட்டங்கள் இருந்தன. வழக்கமாக அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். அன்று பதினொன்றும் ஒட்டி ஒட்டி, குளச்சலுக்கு நேர் தெற்கே இருந்தன. ஒவ்வொரு சுற்றிலும் அதே பதினொன்று. பார்க்கவில்லை என்று சொல்லும்படி என் வக்கீல் சொன்னார். நான் பார்த்தேன். நான்கு மணிக்கு வரைபடம் வந்தது. குளச்சல் கடல் முழுக்கப் பச்சை, அதாவது பயமில்லாமல் போகலாம்.

நாலு பத்துக்குக் கிளீட்டஸ் போன் செய்தான். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரன். குளச்சலில் சொந்தமாக வள்ளம் வைத்திருந்தான்.

“ஏலே பெனினே, ஒனக்க மிஷினு என்னலே சொல்லுது? வள்ளத்த எறக்கட்டா?”

“பச்சையாக்கும் மக்கா. பாக்கலியா?”

“பாத்தேன். ஆனா தெக்க வானம் ஒரு மாதிரி கெடக்கு. அப்பன் போகண்டாம்னு நிக்காரு. கருங்கல்காரனுக்குக் கடலப் பத்தி என்னலே தெரியும்னு கேக்காரு.”

“ஒனக்க அப்பனுக்கு முட்டு வலிச்சா வானமும் ஒரு மாதிரிதான் தெரியும்.”

அவன் சத்தம் போட்டுச் சிரித்தான். “செரி, ஒன்ன நம்பிப் போறேன். வந்தா நெய்மீன் கொண்டு தாறேன்.”

“பெரிசா கொண்டு வா” என்றேன்.

வள்ளத்தில் ஐந்து பேர், நேராகப் புயலுக்குள் போனார்கள். மூன்றாம் நாள் மணவாளக்குறிச்சிக் கரையில் இரண்டு பேரின் உடல்கள் ஒதுங்கின. இன்னும் கிடைக்காத மூன்று பேரில் கிளீட்டஸும் ஒருவன். அவன் அப்பா தினமும் காலையில் துறைக்கு வந்து நிற்கிறார் என்று கேள்விப்பட்டேன். காத்திருந்து என்ன ஆகப்போகிறது?

அவனிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அவன் துறை முழுக்கச் சொல்வான். ஏன் என்று கேள்வி வரும். மறுநாள் கூட்டத்தில் பிரிஜா எழுந்து நிற்பாள். என்னைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையையும் கடலுக்குப் போகிறவர்களையும் வைத்து யோசிக்க எனக்கு அரை மணி நேரம் இருந்தது. யோசித்துத்தான் முடிவெடுத்தேன்.

நானாக ஏன் வந்தேன் என்றுதானே இன்னும் பார்க்கிறீர்கள்? உங்கள் விசாரணையின் வரைவு அறிக்கையைப் படித்தேன். பதினேழாம் பக்கத்தில் ‘மென்பொருள் பிழை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முப்பது வரிகளில் பிழை கிடையாது. சொன்னதைச் சொன்னபடி செய்தது. அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். வரைபடம் அன்றைக்கும் சரியாக நான்கு மணிக்கு வந்தது என்று எழுதுங்கள். எழுதுவீர்களா, சார்?