நாற்பது பேருக்கு ஒரு ரசீது

பத்தொன்பது நாட்கள். அதற்குமேல் ஒரு நாள்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை. 1932 ஜூலை இருபத்தெட்டாம் தேதி காலை அங்கம்மா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். ஆகஸ்ட் பதினாறாம் தேதி மாலை அவளுடைய முப்பத்தெட்டு வெள்ளியை அவள் கையில் கொடுத்தேன். சொன்ன தேதியில் பணத்தைத் திருப்பிக் கொடுப்பவர்கள் இந்த ஜோகூரில் எத்தனை பேர் என்று தாங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

என் பெயர் வைத்தியலிங்கம். சொந்த ஊர் யாழ்ப்பாணம். சிம்பாங் ரெங்கத்துக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. குடிப்பதில்லை. சீட்டாடுவதில்லை. ஒரு நாள்கூட அலுவலகத்துக்குப் பிந்தி வந்ததில்லை. தாங்கள் தொழிலாளர் இலாகாவிலிருந்து வந்திருப்பதால் இவற்றையும் குறித்துக்கொள்வது நல்லது.

ரப்பர்ப் பால்வெட்டுக்காரர்களுக்குச் சேமிக்கத் தெரியாது. சம்பள நாள் மாலையில் கள்ளுக்கடையில் நின்று பார்த்தால் தெரியும். ஆறு வருடங்களுக்கு முன் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். விருப்பமுள்ளவர்கள் சம்பளத்தில் ஒரு வெள்ளியை என்னிடம் விட்டுவைக்கலாம். கொக்கோ டின் ஒன்றில் போட்டு அலமாரியில் பூட்டுவேன். வேலு என்ற பால்வெட்டுக்காரன் மட்டும் முதல் நாளே எல்லார் முன்னாலும் சொன்னான்: "கிராணி ஐயா டின்னுல போட்ட காசு சாமி உண்டியல்ல போட்ட காசு மாதிரிடா. புண்ணியம் வரும், காசு வராது." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனும் ஒரு வெள்ளி போட்டான்.

டின்னில் கிடக்கும் பணம் வளராது. ஜோகூர் பாருவில் உள்ள ஒரு வங்கியில் கேட்டேன். முப்பது வெள்ளி, நாற்பது வெள்ளிக்கெல்லாம் அவர்கள் தவணைக் கணக்கு திறப்பதில்லை. கைநாட்டு வைப்பவர்களை உள்ளே விடவே வாசல்காரன் யோசிப்பான். ஆகவே நாற்பது பேரின் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து, என் பெயரில், என் கையெழுத்தில், ஒரு வருடத் தவணைக்குப் போட்டேன். ஒவ்வொரு ஆகஸ்டிலும் புதுப்பிப்பேன். சென்ற வருடம் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி சேர்ந்திருந்தது; கூலி குறைந்த பிறகு டின்னில் யாரும் புதிதாகப் போடவில்லை. நூற்றுக்கு நான்கு வட்டி. வருடம் முடிந்தால் அறுபது வெள்ளி. ஒரு நாள் முன்னால் எடுத்தாலும் அந்த அறுபதும் போய்விடும். நாற்பது பேருக்கு ஒரே ரசீது. நல்ல தடித்த தாள். சில மாலைகளில் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன்.

அங்கம்மாவின் புருஷன் அய்யாவு. ரப்பர் விலை விழுந்தபோது ஆள்குறைப்பில் அவன் பெயர் போயிற்று. அவள் பெயர் நின்றது. அவன் ஒரு சீனரின் அன்னாசித் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போய், மண்வெட்டியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டான். பதிவேட்டில் பெயர் இல்லாதவர்களுக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கிடையாது என்று துரை சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். அதைத் தமிழில் எழுதி ஒட்டியவன் நான்தான்.

"ஐயா, என் காச குடுத்துடுங்க. காலு நீலமா போவுது. குளுவாங்குல டாக்டரு இருக்காராம், வாடகைக் காடி புடிச்சுக் கொண்டு போவணும்" என்றாள்.

தவணை என்றால் என்ன என்பதை அவளுக்குப் புரியும்படி விளக்கினேன். "அங்கம்மா, பணம் வங்கியில தவணையில கிடக்குது. ஏழாம் மாதத்தில பிள்ளையை வெளியில இழுப்பினமோ?"

"கொறமாசத்துல பொறந்த புள்ளையும் பொழச்சிருக்குங்க ஐயா" என்றாள்.

படிக்காதவர்களுடன் உவமை சொல்லிப் பேசுவதில் இந்தச் சிரமம் உண்டு.

மூன்று நாள் கழித்துத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் தங்கராஜு என்னிடம் வந்தார். துரைக்குத் தெரியாமல் போய்க் காலைப் பார்த்திருக்கிறார். "கிராணியாரே, இது நான் கட்டுப் போடுற காலு இல்ல. நாலு நாளைக்குள்ள டாக்டர்கிட்ட போனா முட்டி வரைக்கும் காலு போறதோட தப்பிச்சுக்கலாம். அதுக்கப்புறம் எதுவரைக்கும் போகும்னு எனக்குத் தெரியாது. பணத்த குடுத்துடுங்க."

நான் காலண்டரைப் பார்த்தேன். பதினாறு நாட்கள் மீதி இருந்தன. ஒருவனுடைய காலுக்காக நாற்பது பேர் தலைக்கு ஒன்றரை வெள்ளி இழப்பதா? தங்களைப் போன்ற படித்தவர்கள் இதை நிதானமாக யோசிக்க வேண்டும். ஒன்றரை வெள்ளி என்பது ஒரு பால்வெட்டுக்காரனுக்கு ஐந்து நாள் கூலி. ஐந்து நாட்கள், நாற்பது பேருக்கு, இருநூறு நாட்கள். இருநூறு நாள் உழைப்பை நான் ஒரு கையெழுத்தில் அழிக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

என் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்திருக்கலாமே என்று தாங்கள் நேற்றுக் கேட்டீர்கள். என் பெயரில் தனியாக ஒரு தவணைக் கணக்கு இருப்பது உண்மை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் அதில் கொஞ்சம் சேர்ப்பேன். அதற்கும் தவணை இருந்தது. தவிர, கடன் கொடுத்தால் சேமிக்கும் பழக்கம் கெட்டுப்போகும்.

அதற்குப் பிறகு அவள் தினமும் வேலை முடிந்ததும் வந்து வெளியே நிற்பாள். நான் மீதி நாட்களை விரல்களில் காட்டுவேன், பத்துக்கு மேல் இருந்தால் இரண்டு தடவையாக. பன்னிரண்டு. பதினொன்று. பத்து. ஐந்து விரல் காட்ட வேண்டிய அன்று அவள் வரவில்லை. அன்று மத்தியானமே அய்யாவு இறந்துவிட்டான். மறுநாள் அவளுக்கு விடுப்புக் கொடுத்தேன். சம்பளம் பிடித்தேன், அது விதி.

பதினாறாம் தேதி விடியற்காலை ரயில் ஏறி, ஜோகூர் பாரு போய், ரசீதைக் கொடுத்துப் பணம் பெற்று, வரும் வழியில் எங்கும் நிற்காமல் அவள் லயத்து வீட்டுக்கே போனேன். முப்பத்தெட்டு வெள்ளி. அவள் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக எண்ணினாள்.

"காடிக்குப் பதினொண்ணு. டாக்டருக்கு இருவது சொன்னாங்க. ஏழு மிச்சம் ஆயிருக்குங்க ஐயா" என்றாள்.

கணக்குச் சரிதான். அவளுக்குக் கணக்கு வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தாங்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். அறுபது வெள்ளி போனாலும் போகட்டும், பணத்தை எடுத்துவிடலாமா என்று மற்ற முப்பத்தொன்பது பேரையும் கூட்டி ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டிருந்தால் சம்மதித்திருப்பார்கள். அந்த வேலுகூட முதலில் கை தூக்கியிருப்பான். அவர்களுடைய குணம் எனக்குத் தெரியும்.

ஆனால் என்னால் கேட்க முடியாது. வட்டி போனால் பரவாயில்லையா என்று கேட்பதற்கு, வட்டி என்று ஒன்று வருகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஆறு வருடங்களில் அதை நான் அவர்களில் ஒருவரிடமும் சொன்னதில்லை.